முதலில் தாபரிப்பு, பிறகு விவாகரத்து: வெள்ளவத்தையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். வெள்ளவத்தையில் பெற்றோருடன் இருக்கும் தங்கச்சிக்காக அக்கா கேட்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவர் தோஹாவில் வேலை. இரண்டு வருஷமாகக் காசும் இல்லை, கதையும் இல்லை. லீவில் வந்தால் கொட்டாஞ்சேனையில் தன் அம்மா வீட்டில் நிற்கிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று மிரட்டுகிறார். "ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து ஆகிவிடும், பேசாமல் இருங்கள்" என்று கணவர் பக்கத்தார் சொல்கிறார்கள். இன்னொருவர் மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக முன்பணம் கேட்கிறார். கணவர் பெயரில் வெள்ளவத்தையில் ஒரு பிளாட், தங்கச்சிக்கு யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி என்று சொத்துக் கேள்விகளும் உண்டு. கொழும்பு நீதிமன்றங்களில் எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும் என்ற பயம் வேறு. நல்ல லோயர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று முடிகிறது கேள்வி.

லோயர் பெயர் சொல்ல மாட்டேன். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தங்கச்சிக்கு இப்போது தேவைப்படுவது ஒரு வழக்கு அல்ல. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு வேண்டும், மிரட்டல் நிற்க வேண்டும், பிள்ளை அவரிடம் இருக்க வேண்டும், காணி பூமி பாதுகாப்பாக இருக்க வேண்டும், கடைசியாகத்தான் விவாகரத்து. இவை எல்லாம் ஒரே நீதிமன்றத்தில், ஒரே மனுவில் நடப்பவை அல்ல. விவாகரத்து முடிந்தால்தான் மற்றவை கிடைக்கும் என்றும் இல்லை. இது தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் நேரே விவாகரத்து வழக்குப் போட்டுவிட்டு, காசில்லாமல் வருஷக்கணக்காக இழுபடுகிறார்கள்.

முதலில் அந்த ஏழு வருஷக் கதையை முடித்துவிடுவோம். அது முழுப் பொய்யும் இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருஷப் பிரிவைப் பற்றி எழுதியிருக்கிறது. ஆனால் 1986இல் உயர் நீதிமன்றம் தென்னக்கோன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிரிந்திருந்த காலம் மட்டும் போதாது, திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உள்ள ஏதாவதொரு குற்றமும் நிரூபிக்கப்பட வேண்டும். அந்தச் சட்டத்தில் இருப்பவை மூன்றே மூன்று. பிறர்மனைத் தொடர்பு, வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது அதையொத்த இயலாமை. ஏழு வருஷம் போனால் என்ன, பதினேழு வருஷம் போனால் என்ன, நீதிமன்றத்துக்குப் போகாமல் இந்த நாட்டில் எந்தப் பொதுச்சட்டத் திருமணமும் (கண்டிய, முஸ்லிம் தனிச் சட்டங்களின்கீழ் வராத திருமணம்) தானாக முறியாது. விட்டுவிட்டுப் போனவர், தான் விட்டுவிட்டுப் போனதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கவும் முடியாது. ஆகவே காத்திருப்பதால் அவருக்குத்தான் வசதி, உங்களுக்கு ஒன்றுமில்லை.

இதேபோல இன்னொரு பேச்சும் உண்டு: "இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் போதும்." கண்டிய சிங்களவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் திருமணம் செய்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் போய் இணக்கத்தின் பேரில் விவாகரத்துப் பெறலாம். பக்கத்து வீட்டுக்காரர் அப்படி முடித்திருப்பார், அதைப் பார்த்து எங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். நமக்கு அந்த வழி கிடையாது. பிரசித்த நொத்தாரிசுவிடம் போய் "இன்றோடு பிரிந்துவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கும் கடிதத்துக்கும், பொலிஸில் எழுதிக்கொடுக்கும் இணக்கத்துக்கும் திருமணத்தை முறிக்கும் சக்தி இல்லை. இணக்க சபையும் விவாகரத்துத் தர முடியாது. நடைமுறையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால், ஒருவர் வழக்குப் போட, மற்றவர் எதிர்த்து வாதாடாமல் விட்டுவிடுவார். அப்போதும் வழக்காளி சாட்சிக் கூட்டில் ஏறி, காரணத்தைச் சொல்லி, நீதிபதியைத் திருப்திப்படுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டு பேரும் கூடிப்பேசிப் பொய்க்காரணம் சோடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

தாலி மட்டும்தான் கட்டினோம், பதிவு செய்யவில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு இல்லாததால் திருமணம் இல்லை என்று ஆகிவிடாது. கூறை, தாலி என்று முறைப்படி நடந்த சடங்குத் திருமணத்தை நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. எழுதவில்லைதானே என்று இன்னொரு கல்யாணம் செய்தால் இருதாரக் குற்றத்தில் மாட்டிக்கொள்ளலாம். மதம் மாறி இரண்டாவது கல்யாணம் செய்யலாம் என்ற குறுக்குவழியையும் அபேசுந்தர வழக்கில் உயர் நீதிமன்றம் அடைத்துவிட்டது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. என்னைக் கேட்டால் முதல் வழக்கு தாபரிப்பு, அதாவது பிள்ளையையும் மனைவியையும் பராமரிக்கக் காசு கேட்கும் வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தங்கச்சி இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். கொட்டாஞ்சேனைக்குப் பின்னால் ஓடத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கேட்கலாம். தன்னைப் பராமரிக்கத் தனக்கு வழியில்லை என்றால் மனைவிக்கும் கேட்கலாம். பதினெட்டுக்கு மேல் இருபத்தைந்து வரையுள்ள பிள்ளைக்குக்கூட தேவையைக் காட்டிக் கேட்க இடமுண்டு. விவாகரத்து வழக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கட்டளை வந்த பிறகு கட்டாமல் விட்டால் பிடியாணை, சம்பளத்தில் நேரடியாக வெட்டுதல், சிறை என்று போகும்.

சிக்கல் என்னவென்றால் அவர் தோஹாவில் இருக்கிறார். இங்கேதான் நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அழைப்பாணை கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அங்கே சம்பளத்தில் கைவைப்பதும் பெரிய பாடு. அவர் லீவில் வந்து கொட்டாஞ்சேனை வீட்டில் நிற்கும் இரண்டு மூன்று கிழமைதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. விண்ணப்பத்தையும் காகிதங்களையும் இப்போதே தயார் செய்து வைத்துக்கொண்டால், அவர் வந்திறங்கிய உடனே அழைப்பாணை கையில் கொடுக்க முடியும். வந்த பிறகு லோயர் தேடத் தொடங்கினால், அவர் திரும்பவும் விமானம் ஏறிவிடுவார்.

பிள்ளையைத் தூக்குவேன் என்ற மிரட்டலுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடித்தால்தான் வன்முறை என்று இல்லை, மிரட்டலும், தொடர்ந்து நடக்கும் கடுமையான மனவதையும் அதற்குள் வரும். நீதவான் முதலில் பதினான்கு நாள் வரைக்கான இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், விசாரித்தபின் பன்னிரண்டு மாதம் வரை நீளும் கட்டளை தரலாம். தங்கச்சியே மனுப் போடலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் போடலாம். மிரட்டல் நடந்த அன்றே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு மகளிர் உதவி இலக்கம் 1938, பிள்ளை சம்பந்தமாக 1929.

பொலிஸில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு "பேசி முடியுங்கோ" என்று சமாதானம் செய்ய முயல்வார்கள். சில வேளை அது நல்லதுக்குத்தான். ஆனால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத தங்கச்சியிடம் "சைன் பண்ணுங்கோ" என்று நீட்டினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லாமல் பேனையைத் தொடக் கூடாது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. "நானாகத்தான் வீட்டை விட்டு வந்தேன்" என்ற ஒரு வரி அந்தத் தாளில் ஏறிவிட்டால், பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் அதே வரியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எடுத்து வாசிப்பார்.

இனி விவாகரத்து. வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். வெள்ளவத்தை என்றால் புதுக்கடையில் உள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றம். தெஹிவளைக்கு வீடு மாறினால் கல்கிசை. காரணத்தைத் தெரிவதில் கோபத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். தோஹாவில் வேறு ஒரு பெண் இருக்கிறாளாம் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பிறர்மனைத் தொடர்பைக் காரணமாகக் காட்டினால், நீதிமன்றம் விலக்களித்தாலொழிய அந்த மூன்றாவது ஆளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். "இருக்கிறாளாம்" என்று காதில் விழுந்த கதைக்கு யார் சாட்சி சொல்வார்கள்? கைவிட்டுச் சென்றதைக் காட்டுவது எவ்வளவோ சுலபம். காசு அனுப்புவது நின்ற மாதம் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, எடுக்காத அழைப்புகள் போனில் இருக்கின்றன, லீவில் வந்தும் வெள்ளவத்தைப் பக்கம் எட்டிப் பார்க்காதது அயலுக்கே தெரியும். ஆள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றுகூட இல்லை. கூட இருந்து வாழவே முடியாதபடி செய்து மனைவியை வெளியேற வைத்தாலும் அது கைவிடலாகவே கணிக்கப்படும்.

வட்ஸ்அப் செய்திகளையும் குரல்பதிவுகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு அழிக்க வேண்டாம். அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். இலத்திரனியல் சான்றைப் பாவிப்பதென்றால் விசாரணைத் திகதிக்கு முன்பே மறுதரப்புக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் போனை நீட்டினால் எடுபடாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றாரே ஒருவர், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வழக்கில் வென்றாலும் முதலில் கிடைப்பது டிகிரி நைசி என்ற இடைக்காலத் தீர்ப்பாணைதான். அதன் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முழுமையாக்கப்படும். பிரதிவாதி வராமல் ஒருதலைப்பட்சமாக நடந்த வழக்கிலும் இதே கதைதான். கடைசிப் படிக்கே மூன்று மாதம் என்றால், அழைப்பாணை, விடை, விசாரணை எல்லாம் எப்போது நடக்கும்? எதிர்த்து நடக்கும் வழக்கு வருஷங்கள் எடுக்கும், தவணை மேல் தவணை போகும். நாள் குறித்துச் சத்தியம் செய்பவர் பெரும்பாலும் சட்டத்தரணியே அல்ல, புதுக்கடையில் நீதிமன்ற வாசலைச் சுற்றி நிற்கும் தரகர். டிகிரி நைசி கையில் கிடைத்ததும் மறுமணத்துக்கு மண்டபம் புக் பண்ணுபவர்களும் உண்டு. முழுமையாக்கப்பட்ட தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதி இல்லாமல் பதிவாளர் எழுத மாட்டார்.

பிள்ளை விஷயத்தில் தகப்பனுக்கு என்ன உரிமை, தாய்க்கு என்ன உரிமை என்று சண்டை பிடிக்கிறோம். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. பிள்ளை எங்கே படிக்கிறது, யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், யார் மருந்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பவைதான் எடுபடும். தகப்பன் பார்க்க வரும் நாட்களையும் கட்டளையிலேயே குறித்துக் கேட்பது நல்லது, பின்னால் வாசலில் நின்று தகராறு படத் தேவையிருக்காது. இன்னொன்று, பாஸ்போர்ட். சிறுபிள்ளைக்கு எடுக்கப் போனால் பெற்றோர் இருவரின் சம்மதத்தையும் கேட்பார்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

காணி, பிளாட் விஷயம்தான் உங்கள் கேள்வியில் மிகவும் சிக்கலானது. தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அது வடமாகாணத்தை நிரந்தர வாழ்விடமாகக் கொண்ட தமிழரைத் தொடரும் சட்டம். கொழும்பில் வாடகைக்கு இருப்பதால் மட்டும் விட்டுப்போகாது, ஆனால் பரம்பரையாகக் கொழும்பிலேயே குடியேறிவிட்டவர்களுக்குப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. மட்டக்களப்பு, மலையகத் தமிழருக்கு அது இல்லை. விவாகரத்துக் காரணங்களைத் தேசவழமை மாற்றாது, சொத்தைத்தான் மாற்றும். கலப்பாகக் கட்டினால் மனைவிக்குக் கணவரின் சட்டம்தான். தங்கச்சி வீட்டில் இரண்டு பக்கமும் யாழ்ப்பாணம் என்பதால், கணவரின் பெயரில் எழுதிய வெள்ளவத்தை பிளாட் திருமணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்கியதென்றால் அது தேடியதேட்டம், தங்கச்சி பாதி கோரலாம். உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு கதை முடியாது. முற்பணத்துக்குத் தங்கச்சியின் சீதன நகையை விற்றதாக எழுதியிருக்கிறீர்கள். தனிச்சொத்திலிருந்து போன காசு தேடியதேட்டத்தில் சேராது என்று 1947இல் திருத்திய சட்டம் சொல்வதால், அந்தக் காசுக்கு வேறு கணக்கு. நகைக்கடைப் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். அந்தத் துண்டுக்கடதாசி பிளாட்டின் ஒரு பகுதிக்குச் சமம்.

தேசவழமை பொருந்தாமல் சொத்துக்கும் பொதுச்சட்டமே பொருந்தியிருந்தால் அவரவர் சொத்து அவரவருக்கு, பாதிப் பங்கு என்ற பேச்சே இல்லை. தன் காசு போனதை மனைவிதான் நிரூபிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சீதனக் காணியை விற்று வழக்குச் செலவைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேசவழமைப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்திலும் இப்படியொரு சட்டமா என்று கேட்டால், எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அவருடைய கையெழுத்து இல்லாமலே விற்க அனுமதி வாங்கலாம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவற்றில் பல பொருந்தாது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காதி நீதிமன்றம்தான் இடம். அங்கே சட்டத்தரணி முன்னிலையாக முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். மேன்முறையீட்டுக்குக் காதிகள் சபைக்குப் போகலாம். அதைத் தனியாக எழுதுவதே முறை.

மொழிப் பயத்துக்கு வருகிறேன். கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம்தான், ஆங்கிலமும் நிறையப் புழங்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் வழக்குத் தொடரலாம், ஆவணம் சமர்ப்பிக்கலாம், தமிழில் பேசலாம். நடப்பதை மொழிபெயர்த்துத் தருவது அரசின் கடமை. நீதிமன்றத்தில் அதைச் செய்பவரை முதலியார் என்பார்கள். சாட்சிக் கூட்டில் ஏறும்போது அரைகுறைச் சிங்களத்தில் சமாளிக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். கடைக்குப் போக அந்தச் சிங்களம் போதும், "அவர் எப்போது, எப்படி விட்டுப் போனார்" என்பதைச் சொல்லப் போதாது. தமிழில் சாட்சி சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சட்டத்தரணி மூலம் முன்தவணையிலேயே கேட்டுவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் கேட்டால் ஆள் இல்லை என்று வழக்கு இன்னொரு திகதிக்குப் போகும். பெயர் கூப்பிடும்போதும் கவனம் வேண்டும். நீளமான தமிழ்ப் பெயர் சிங்கள உச்சரிப்பில் வேறொருவரின் பெயர் போலக் கேட்கும். பின்வாங்கில் இருந்துவிட்டு "என்னைக் கூப்பிடவே இல்லை" என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு இலக்கத்தைச் சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சட்டத்தரணி. வசதி குறைவென்றால் புதுக்கடை மேல் நீதிமன்றத் தொகுதியில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இல் சட்டத்தால் அமைத்த அரச நிறுவனம், குடும்ப வழக்குகள் அவர்களுக்கு அன்றாட வேலை. வருமானத்தைப் பார்த்துத்தான் இலவசமாக வழக்கு எடுப்பார்கள், ஆலோசனை கேட்கத் தயங்க வேண்டாம். தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள். வன்முறை கலந்த விஷயமென்றால் பெண்களுக்கு உதவும் விமென் இன் நீட் அமைப்பிலும் சட்ட ஆலோசனை கிடைக்கும்.

காசு கொடுத்து ஒருவரை வைப்பதென்றால், கட்டணம் முழு வழக்குக்கா, தவணைக்குத் தவணையா, தாபரிப்பும் அதற்குள் அடங்குமா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. புரொக்சியில் (உங்களுக்காக வழக்கை நடத்தச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வைக்கும்போது யோசித்து வையுங்கள். அது இருக்கும்வரை வழக்கு அவர் கையில்தான், பிடிக்கவில்லை என்று வேறொருவரிடம் மாறுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை இரத்துச் செய்ய வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: திருமணச் சான்றிதழ் (அசல் தொலைந்திருந்தால் பதிவு நடந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்), பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு பேரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு விபரம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், பிளாட் உறுதியின் பிரதி, கணவரின் தோஹா வேலையிட விலாசம், கொட்டாஞ்சேனை வீட்டின் சரியான விலாசம். விலாசத்தில் தோட்ட இலக்கம் ஒன்று பிழைத்தாலும், அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிஸ்கல் உத்தியோகத்தர் "ஆள் இல்லை" என்று அழைப்பாணையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். பிறகு அடுத்த லீவு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.